அடுத்த ஓட்டத்துக்கு ஒதுக்கிய குளிசைகள்

அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது. மணம் மூக்கில் ஏறியது. பானையை இறக்கவேண்டும் என்பதும் தெரிந்தது. கை எழவில்லை. நோயின் முதல் அடையாளமாக எனக்கு நினைவில் நிற்பது அதுதான். அழுகை பிறகுதான் வந்தது.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் கொட்டில் போட்டிருந்த காலம் அது. எல்லோருக்கும் கவலை இருந்ததால் என்னுடையதை யாரும் நோய் என்று எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. எழும்பவே மாட்டேன் என்று படுத்துவிட்ட பிறகுதான் என் கணவர் பாஸ் (அந்தப் போர்க்காலத்தில் வவுனியாவுக்குப் போகத் தேவையான அனுமதிச் சீட்டு) எடுத்து, என்னை அங்கே ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு (வாரக்கணக்காக நீங்காத துயரமும் உடற்களைப்பும் சேர்ந்த நோய்) என்று சொல்லி, இமிப்பிரமின் (அதைக் குறைக்கும் குளிசை, அதாவது மாத்திரை) தந்தார். இரண்டு மாதத்தில் நான் மறுபடி தலை இழுத்து வாரினேன், சமைத்தேன், கணவரோடு சண்டையும் பிடித்தேன்.

அடுத்த வருடம் கர்ப்பமானேன். டொக்டரிடம் நேராகவே கேட்டேன்.

“இந்தக் குளிசை பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ, டொக்டர்?”

“ஒண்டும் செய்யாதெண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது. ஆனா வருத்தம் திரும்பி வந்தா அது ரெண்டு பேருக்கும் கூடாது. நிப்பாட்டாதேங்கோ. குறைக்கிறதெண்டாலும் என்னட்டைக் கேட்டுக் குறையுங்கோ.”

மூன்று மாதத்துக்குக் குளிசையும், சோதனைச் சாவடியில் காட்ட ஒரு கடிதமும் தந்தார்.

அப்போது எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வாசலடியில் ஒரு பை கட்டியிருக்கும். ஷெல் கிட்ட விழத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி, காய்ச்சல் மருந்து. பொருளாதாரத் தடையால் மருந்து வராத ஊரில் எதையும் முழுதாகப் பாவித்து முடிப்பவளை ஊதாரி என்றுதான் சொல்வார்கள். நான் ஊதாரி இல்லை. என் குளிசையில் பாதியை அந்தப் பைக்குள் வைத்துவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்.

பிள்ளைக்குப் போகிற மருந்தும் குறையும் என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு. ‘வயித்தில பிள்ளையோட விசர்க் குளிசை போடுறாள்’ என்று, ஏதோ பைத்திய மருந்துபோல, கிணற்றடியில் பெண்கள் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் பழியை அவர்கள் தலையில் போடமாட்டேன். நானாகத்தான் செய்தேன்.

ஏழாம் மாதத்தில் முதலில் நித்திரை போனது. பிறகு பசி. பிள்ளை உதைத்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இதை வாசிக்கும் உங்களில் ஒருத்திக்கும் அப்படி வந்திருக்கலாம். ஒரு காலையில் கணவரிடம் சொன்னேன்.

“எனக்குச் செத்துப்போகவேணும் போல கிடக்கு. கிணத்தடிக்கு என்னைத் தனிய விடாதேங்கோ.”

டொக்டர் மருந்து எழுதித் தந்த கொப்பியைத் தேடி அவர் பையைத் திறந்தார். குளிசைகளைக் கண்டார்.

“இதை ஏன் ஒளிச்சு வச்சனீ?”

“ஒளிக்கேல்லை. ஓடேக்க வேணுமெண்டு வச்சனான்.”

அவர் ஏசவில்லை. அவருடைய முட்டு (ஆஸ்துமா) மருந்தும் பாதி அதே பைக்குள்தான் கிடந்தது.

உடனே பாஸ் கிடைக்காததால் ஊரிலிருந்த வைத்தியரிடம் கேட்டு மறுபடி முழு அளவு போட்டேன். இந்தக் குளிசை போட்ட அன்றே வேலை செய்யாது, வாரக்கணக்கு எடுக்கும். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டாள். இரண்டு நாள் அவளுக்குக் கைகால் நடுங்கியது. தாயின் மருந்து உடம்பிலிருந்து இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு அப்படி வருமாம். பிறகு அது நின்றுவிட்டது. நான் இவ்வளவு பயந்ததற்கு அவளுக்கு வந்ததெல்லாம் அந்த இரண்டு நாள் நடுக்கம்தான். அந்த வருடம் நாங்கள் ஓடவும் இல்லை.

எனக்கு நோய் இறங்கவில்லை. மறுபடி பாஸ் கிடைத்து, டொக்டர் அளவைக் கூட்டி, நான் எழும்ப ஆறு மாதமானது. அந்த ஆறு மாதம் என்னிடம் இல்லை. மார்பில் பால் கட்டி வலித்தது நினைவிருக்கிறது. குடித்த பிள்ளையின் முகம் நினைவில்லை. இப்போதும் சில காலைகளில் கை கனக்கும். உடனே மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு அவளுடைய உயரத்தைப் பார்ப்பேன், எத்தனை நாட்களை மறுபடி தொலைத்துவிட்டேனோ என்று. என் உடம்பை நான் நம்புவதில்லை.

அவளுக்கு நாலு வயதானபோது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அம்மா, நான் எப்ப முதல் சிரிச்சனான்?”

“அப்பாவைக் கேள்,” என்றேன்.

அவர் ஏதோ ஒரு நாளைச் சொல்லி அவளை அனுப்பினார். அவள் போன பிறகு, அது உண்மையா என்று கேட்டேன்.

“எனக்கும் தெரியாது,” என்றார். “அவளை மடியில வச்சுக்கொண்டு நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”