பஸ் ஸ்டாண்டுச் சக்களத்தி

கல்யாணமான இரண்டாம் வருஷமே எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட பரோட்டாக் கடைதான் அவள்.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு ஊரே அல்லாடியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று, கல் பொறுக்கிச் சோறாக்கி வைத்துக் காத்திருப்பேன். லாரி ஷெட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் வந்து, "வயிறு நெறஞ்சிருக்கு, நீ சாப்பிடு" என்பார். சட்டையில் சால்னா வாசம் வீசும். வேறொருத்தியின் பவுடர் வாசம் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அரிசிக்குத்தான் பஞ்சம்; கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையால் அந்தக் கடையில் மாவுக்குக் குறைவில்லை. பரோட்டா மாஸ்டர் பினாங்கில் தொழில் கற்றவராம். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அவசரத்துக்கு நின்றபடியே தின்பார்களாம். எங்கள் ஊரில் எந்த அவசரமும் இல்லாதவர்கள் உட்கார்ந்து தின்றார்கள். வீடு வேண்டாம், வெஞ்சனம் வேண்டாம், பரிமாற ஒருத்தி வேண்டாம் என்று ஒரு சாப்பாடு கடல் தாண்டி வந்திருந்தது. எனக்குப் பொறாமையோடு பயமும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு வைத்துத் தோசை வார்த்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவர், "மாஸ்டர், பிச்சுப் போட்டு சால்னா ஊத்துங்க" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தேன். "சாயங்காலம் என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க."

"பொம்பளைக வர்ற எடமா அது?"

"அம்புட்டு ருசின்னா நானும் தின்னு பாக்குறேன். இல்லேன்னா இந்த வீட்ல இனிமே அடுப்பு எரியாது."

கூட்டிப்போனார். கடையின் பின்பக்கம் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, பெண்களுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். என்னை அங்கே உட்கார்த்தி, இரண்டு பேருக்கும் பரோட்டா சொல்லிவிட்டு, "தெரிஞ்சவங்க இருக்காங்க, செத்த நேரத்துல வாரேன்" என்று முன்பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இரண்டு தட்டு வந்தது. குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் பிய்த்து வாயில் வைத்தேன். ஒரு குறையும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி, பக்குவம்தானே, கற்றுக்கொண்டால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது வெளியே யாரோ ஏதோ சொல்ல, ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து சிரித்தார். அடக்கமாட்டாமல், புரையேறி, மறுபடியும் சிரித்தார். இப்படிச் சிரிக்கிறது யாரென்று திரையை விலக்கிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர்தான். சத்தத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

திரையை விட்டுவிட்டு, அவருடைய தட்டையும் என் பக்கம் இழுத்துத் தின்று முடித்தேன்.