தண்ணீர் விழாத ஐந்தருவி

மைதீன் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள், வடகரையில்... நெஞ்சுவலியாம். பழைய ஆபீஸ் குரூப்பை இன்று காலைதான் திறந்து பார்த்தேன். அடக்கமே முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் ஊற்றிய தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் வரும் வெள்ளம், மழை, அருவி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்கிற எஃபெக்ட்ஸ் அனிமேட்டர். படம் முடிந்து நாம் செருப்பைத் தேடுகிற நேரத்தில் அவர் பெயர் திரையில் ஓடும்.

சென்னையில் ஒரே ஸ்டூடியோ, பக்கத்துப் பக்கத்து சீட், ஆறு வருஷம். என் சொந்த ஊர் அவர் ஊர்ப்பக்கத்து ராயகிரி என்று தெரிந்த அன்றே "ஏட்டி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களுக்கு நான் மேடம்!

அவர் செய்யும் தண்ணீரைப் படத்தோடு ஒட்டவைப்பது என் வேலை. ஒருமுறை அருவி ஷாட்டுக்கு மூன்று நாள் பாறையை மட்டுமே செய்துகொண்டிருந்தார். தண்ணீர் எங்கே என்று கத்தினேன். பாறை சரியாக இருந்தால் தண்ணீர் தானாக வழி பார்த்துக்கொள்ளும் என்றார். நான் இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

ஒரு சீசனுக்கு ஆபீஸே குற்றாலம் கிளம்பியது. நாங்கள் ஐந்தருவியில் குளிக்க, இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பெண்களை எடுக்கிறார் என்று நினைத்துப் போலீஸ்காரர் போனைப் பிடுங்கிவிட்டார். ஈரத்தலையோடு ஓடிப்போய் நான்தான் பஞ்சாயத்து பண்ணினேன். திறந்து பார்த்தால் முழுக்கப் பாறையில் தெறிக்கிற தண்ணீர்... அந்தப் போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, முதலில் இவரைப் போய்க் குளிக்கச் சொன்னார்.

அண்ணன் படமும் வரைவார். சீசனில் இல்லை. பங்குனி வெயிலில், அருவி வற்றி, கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும்போது லீவு போட்டு ஐந்தருவிக்குப் போய், குடையை விரித்து உட்கார்ந்து வரைவார். வெறும் பாறை.

ஏன் என்று கேட்டதற்கு, "சீசன்ல எல்லாரும் தண்ணியத்தாம்ட்டி பாக்குதாங்க. இதை யாரு பாக்குதா?" என்றார்.

என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அப்படி ஒரு படம் கொண்டுவந்தார். தென்காசியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

புது வீட்டுக்கு வறண்ட அருவியா என்று மாமியார் முணுமுணுத்தார். மாமியார் மேல் பழியைப் போட மாட்டேன். சத்தமாகச் சொன்னது நான்.

"என்னண்ணே, அஞ்சு அருவி வரைஞ்சிருக்கிய. ஒண்ணுலயாவது தண்ணி விட்டிருக்கக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும், தண்ணீர் விட்டுத் தருவதாகச் சொல்லி, அதே பேப்பரில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நான் தடுக்கவில்லை... கொடுத்துவிட்டேன்.

அப்புறம் அவர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். பெருநாளுக்கு போன் செய்யும்போதெல்லாம் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். சீசன் வரட்டும் என்பார். எனக்கு அது ஜோக். அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதினியிடம் பேசினேன். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"ஒங்க படம் இங்கனதான் இருக்கு. ஒரு அருவியில மட்டும் தண்ணி விட்டாக. மத்ததுல கை வைக்க மனசு வரலன்னு சொல்லிட்டு, அப்படியே வச்சிட்டாக."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மகள் போட்டோ அனுப்பினாள். நாலு பாறையும் அன்று பார்த்தபடியே காய்ந்து கிடக்கின்றன. இடது ஓரத்தில் மட்டும் மெலிசாக ஒரு கோடு வழிகிறது. பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி, நின்று, தெறித்து... அவர் தண்ணீர்தான். எனக்குத் தெரியாதா?

நாளை வடகரைக்குப் போகிறேன். அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்புவேன்.

அந்த ஒண்ணுலயும் விட்டிருக்க வேண்டாம், அண்ணே.