ஸ்பீக்கர் பெட்டியில் தடவிய எண்ணெய்

உபதேசியார் அவர்களே, அந்த ஸ்பீக்கர் பெட்டியில் எண்ணெய் தடவியது நீங்கள். தடவிவிட்டுத் தெரியாது என்று பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யை இன்றுவரை காப்பாற்றி வருகிறீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் மாத்தளை டவுனில் ஒரு கராஜில் தேய்க்கிற வேலையில் இருந்தேன். வாகனங்களின் நெளிவில் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பெயின்ட் அடிப்பதற்கு வழவழப்பாக்கித் தருவது என் வேலை. ஸ்பிரே கன் என் கைக்கு வராது. அதை முதலாளி மட்டும்தான் பிடிப்பார். டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். நல்லவர், பிடிவாதக்காரர். எனக்குக் கன் வேண்டும் என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

“தேய்க்கிறவனெல்லாம் அடிக்க ஏலாது தம்பி. தகரமோ மரமோ, ஒரு சாமான எடுத்து அடியிலேந்து நீயே தனியா செஞ்சு காட்டு. என்ட மூஞ்சி அதுல தெரியணும். தெரிஞ்சா கன் ஒனக்கு.”

டவுனுக்கு வெளியே, தோட்டத்து ஓரத்தில் எங்கள் கோயில். கத்தோலிக்கக் கோயில். பங்குச் சுவாமியார் டவுனிலிருந்து பூசைக்கு மட்டும் வருவார். மற்ற எல்லாவற்றுக்கும் உபதேசியார்தான். செபம் சொல்வது அவர், மணி அடிப்பது அவர், சாவி வைத்திருப்பதும் அவர். அதற்கு முந்தின வருஷத் திருநாளில் பிரார்த்தனை பாதியில் இருக்கும்போது பழைய குழாய் ஸ்பீக்கர் செத்துப்போனது. தோட்டத்து லயன் வீடுகளின் பெண்கள் அதை விடவில்லை. “உபதேசியாரு வாயத் தொறந்தாரு, கொழா வாய மூடிக்கிச்சு” என்று தண்ணி பிடிக்கிற பீலியடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. யாரையோ பிடித்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கிவிட்டார். பல்லேபொலவிலிருந்து தச்சு வேலை தெரிந்த ஒரு பாஸ் வந்து ப்ளைவுட்டில் இரண்டு பெட்டி அடித்துக் கொடுத்தார். பெட்டி திடமாக இருந்தது. ஆனால் வெறும் மரம், ஆணித்தலை, பிசிறு. நான் முடித்துத் தருகிறேன் என்றேன். கறுப்பு, கண்ணாடி மாதிரி. உபதேசியார் சரி என்றார். முதலாளிக்குக் காட்ட எனக்கும் ஒரு சாமான் கிடைத்துவிட்டது.

வேலையைக் கோயிலின் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்துக்கொண்டேன். கராஜுக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தமிழன் அவ்வளவு பெரிய பெட்டியோடு றோட்டில் போனால் ஒவ்வொரு ஆமிச் சோதனைப் பேரியரிலும் இறக்கிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தேய்த்த மரத்தில் துவக்கு முனை கீறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குத் தகரம்தான் பழக்கம். தகரம் எதையும் குடிக்காது. மரம் குடிக்கிறது. ப்ளைவுட்டின் முகம் கொஞ்சமாகக் குடிக்கும். ஓரம் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். ஓரத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு அடுக்கு நீளவாக்கு, அடுத்தது குறுக்குவாக்கு. குறுக்கு அடுக்கில் பிரைமர் போட்டால் கண் முன்னாலேயே உள்ளே போய்விடும். ஏன் என்று ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். மரத்தின் குழல்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. தச்சுப் பசையில் தண்ணீர் கலந்து அந்த வாய்களில் தேய்த்து, காயவைத்து, உரசி, மறுபடி தேய்த்தேன். ஓரம் குடிப்பதை நிறுத்தும் வரை இதே வேலை.

முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்ததும் மரத்தின் நார்கள் குளிரில் சிலிர்த்த கை மயிர் மாதிரி எழுந்து நின்றன. பார்க்க வேடிக்கையாக இருந்தது. காய்ந்ததும் சேண்ட் பேப்பரால் மெல்ல வெட்டிவிட்டேன். இதை முன்னாலேயே செய்யாவிட்டால் பெயின்டின் ஈரத்தில் அதே நார்கள் எழுந்து நிற்கும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஆணித்தலைகளை உள்ளே இறக்கிப் பட்டி வைத்தேன். பட்டி இன்றைக்கு மட்டமாக இருக்கும், நாளைக்குச் சுருங்கிக் குழி காட்டும். திரும்ப வைக்க வேண்டும். பிறகு சாம்பல் நிறப் பிரைமர். அதன் மேல் சின்ன ஸ்பிரே டின்னால் கறுப்பைப் பனி மாதிரித் தூவி, கட்டையில் சுற்றிய வோட்டர் பேப்பரால் தேய்த்தேன். மேட்டில் கறுப்பு முதலில் போகும். எங்கே கறுப்பு நிற்கிறதோ அங்கே பள்ளம்.

உபதேசியார் சாயங்காலம் தோறும் வந்து கதவில் சாய்ந்து நிற்பார்.

“இன்னும் எத்தன நாளைக்குடா தேய்ப்ப? பாஸ் குடுத்த மரத்துல பாதி தூளாப் போச்சு.”

“மேடு பள்ளம் இருக்குங்க.”

“எங்க? எனக்கு ஒன்னும் தெரியலியே.”

டோர்ச்சைப் பெட்டியின் மேல் படுக்கவைத்த மாதிரிப் பிடித்துக் காட்டினேன். வெளிச்சம் சாய்ந்து போனதும் நிழல்கள் எழும்பின.

“அடேயப்பா. தோட்டத்து மூணாம் நம்பர் மலையில்ல படுத்துக் கெடக்கு.”

சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். நான் மறித்தேன்.

“கை வைக்காதீங்க உபதேசியாரே. தலைக்கு எண்ண வச்ச கை. பெயின்ட் ஓடிரும்.”

“ஓடுமா? எங்க ஓடும்?”

“எண்ணச் சட்டியில தண்ணி ஊத்துனா ஒதுங்குதில்ல? அப்புடித்தான். ஒரு சொட்டு பட்டாப் போதும்.”

விரலை இழுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். அது ஏன், இது ஏன் என்று கேட்டுக்கொண்டே நின்றார். கேட்கிற மனிதரை எனக்குப் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் தின்னர் தொட்ட சுத்தத் துணியால் துடைத்து, டோர்ச் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். அந்தக் கதவுக்கு என்னிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி.

மறுநாள் காலையில் கராஜின் சின்னக் கம்ப்ரஸரையும் கன்னையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி த்ரீவீலரில் ஏற்றி வந்தேன். பேரியரில் ஆமிக்காரன் மறித்தான். “மே மொகத்த?”, இது என்ன என்று கேட்டான். கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கிற மெஷின் என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பாமல் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கரண்ட் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னான். காற்று வந்ததும் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, தொப்பியைக் கழற்றி, அந்தக் காற்றை முகத்தில் அடித்துப் பார்த்தான். வெயில் அப்படி. அவனுடைய கூட்டாளியும் வந்து முகத்தைக் காட்டினான். பிறகு போ என்று விட்டார்கள்.

முதல் பெட்டி நான் நினைத்ததைவிட நன்றாக விழுந்தது. கறுப்பு படிந்து, ஓடி, ஒன்றாகச் சேர்ந்தது. ஓரத்தில் அடுக்கு தெரியவில்லை. ஆணி இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. கூரை ஓட்டின் வரிசை அதில் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது.

இரண்டாவது பெட்டியின் முன்பக்கத்தில், ஸ்பீக்கர் ஓட்டைக்கு மேலே, பெயின்ட் விலகியது. சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. குழியின் அடியில் சாம்பல் பிரைமர் எட்டிப் பார்த்தது. நான் கம்ப்ரஸரைச் சந்தேகப்பட்டேன். அதிலிருந்து சில நேரம் எண்ணெய் தெறிக்கும். ஆனால் அதே காற்று, அதே பெயின்ட், முதல் பெட்டி சுத்தம். என் வியர்வையோ என்று நினைத்தேன். வியர்வை இப்படி வரிசையாக விழாது. குனிந்து பார்த்தேன். குழிகள் மேலிருந்து கீழே ஒரு கோடாக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் போயின. மேலே நெருக்கம், கீழே போகப்போக இடைவெளி. அப்படியென்றால் விரல் மேலே ஆரம்பித்து, எண்ணெய் தீரத் தீரக் கீழே வந்திருக்கிறது. அதன் குறுக்கே இன்னொரு கோடு.

கோயிலைக் கூட்ட வந்த அக்கா ஒருத்தி விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். எனக்குத் தெரியாதது அவளுக்கு முதலில் தெரிந்தது.

“சேசுவே. சிலுவை.”

ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட்டால் அன்றைக்கே சரிசெய்யலாம். தின்னர்த் துணியை எடுத்தேன். அதற்குள் உபதேசியார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத.”

“எண்ணங்க. யாரோ தடவியிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவேன்.”

“தொடாதன்னு சொல்றேன்ல.”

கூட்டம் சேர்ந்தது. எண்ணெய் என்று நான் கத்தினேன். பூட்டிய அறைக்குள் எண்ணெய் எப்படி வரும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த மனிதர் என் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குள் பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரிகள் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஸ்பீக்கர் பூட்டவேயில்லை. அந்தத் திருநாள் ஒற்றை ஸ்பீக்கரில் நடந்தது.

திருநாளன்று, நான் கூப்பிட்டபடி, முதலாளி வந்தார். முதல் பெட்டிக்கு முன்னால் நின்று தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முகம் தெரிந்தது. சிரித்தார். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு மெழுகுதிரிப் பெட்டியிடம் போனார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒங்கட சமயத்தப் பத்தி நான் ஒன்டும் செல்ல மாட்டன். ஆனா இது எண்ண.”

“ஆமா முதலாளி. நான் துடைச்சுட்டுத்தான் பூட்டுனேன். பொறகு யாரோ தடவியிருக்காங்க.”

“யாரு?”

நான் உபதேசியாரைப் பார்த்தேன். முதலாளியும் பார்த்தார். “நீங்களா வாத்தியார்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அந்தப் பக்கமே போகல்ல” என்றார் உபதேசியார்.

முதலாளி என் தோளில் தட்டினார். “தம்பி, துடைக்காம அடிச்சீக்கிற. போவட்டும். அதுக்கு மத்தவன்ல பழி போடுறது சரியில்ல.” தப்பான வேலையைக்கூட மன்னித்திருப்பார். அந்தப் பழியை அவர் மன்னிக்கவில்லை. கன் வேறு ஒருத்தன் கைக்குப் போனது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். மிச்சம் இருந்த ப்ளைவுட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எல்லாவற்றுக்கும் பிரைமர் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தடவி அதன் மேல் கறுப்பு அடித்தேன். மெழுகு தடவியதில் பெயின்ட் காய்ந்து பொருக்காக உரிந்தது. மண்ணெண்ணெய் பறந்துபோய் மங்கலை மட்டும் விட்டது. வியர்வைக் கையை வைத்ததில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பொடிப் பொடியாகக் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிய துண்டில் மட்டும் அதே அம்மைத் தழும்பு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அதே மென்மை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன்.

அவர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

“திருத்தலத்துல மந்திரிச்ச எண்ண. போன தடவ மாதிரி பாதியில நின்னு மானம் போகக்கூடாதுன்னு, நல்ல நெனப்புலதான் வச்சேன்.”

“எண்ண ஆகாதுன்னு சொன்னேன்ல?”

“அது தலைக்கு வைக்கிற எண்ணயச் சொன்னன்னு நெனச்சேன். இது ஆசீர்வாதம் பண்ணுன எண்ணடா. அதுவும் இப்படிச் செய்யும்னு யாருக்குத் தெரியும்?”

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. புதிய சாமான் எதுவானாலும் மந்திரித்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் தொடுவார்கள்.

“சரி, அத முதலாளிகிட்ட வந்து சொல்லுங்க.”

“இப்பவா? சனம் நேத்திக்கடன் வச்சிருக்கு. புள்ள இல்லாதவ வந்து அழுறா. நான் போய் என் வெரலுன்னு சொல்றதா? நீ இன்னொரு பெட்டி அடிச்சுக் காட்டுடா.”

இன்னொரு பெட்டியைப் பார்க்க முதலாளி வரவில்லை. பிறகு நான் சீகிரியாப் பக்கம் போய் த்ரீவீலர்களுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தேன். அங்கே கன் என் கையில்தான் இருந்தது. முதலாளி காலமானார். என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே போனார்.

பேசாமல்தான் இருந்தேன். போன திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிரசங்கத்தில் அந்தப் பெட்டியின் கதை வந்தது. கவனமில்லாத ஒரு தொழிலாளியின் மோசமான வேலையைக்கூட ஆண்டவர் அடையாளமாக்கினார் என்று பிரசங்கி சொன்னார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது.

பெட்டியை எடுக்கச் சொல்லவில்லை. மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் ஏற்றட்டும். புனித எண்ணெய் பட்ட பெட்டி என்று சொன்னால் அவர்கள் எழுந்து போகவும் மாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒரே பதில். உபதேசியாரே, வருகிற ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். நான் பூட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம், நீங்கள் கதவைத் திறந்து விரல் வைப்பதற்கு முன்னால், அந்தப் பெட்டியின் முகம் சுத்தமாக இருந்ததா, இல்லையா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.