மூக்கைக் கட்டிக்கொண்டு சமைத்தவள்

சேலையூர்ப் பக்கம் ஒரு சின்னத் தபால் ஆபீசில் சரோஜினி பதினெட்டு வருஷம் ஸ்டாம்பு விற்றாள். அந்தப் பதினெட்டு வருஷமும் அவளுக்கு இருந்த ஒரே எதிரி மனிதர்களின் எச்சில். நாக்கை முழுசாக நீட்டி ஸ்டாம்பை நக்குகிறவர்கள், கட்டைவிரலை வாயில் விட்டு எடுத்து மணியார்டர் பாரத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணெதிரேதான் வந்து நிற்பார்கள். கவுண்ட்டரில் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்திருந்தாள். "இதிலே தொட்டு ஒட்டுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். பாதிப் பேர் பஞ்சைத் தொட்டுவிட்டு, அந்த விரலையும் நக்கிக்கொள்வார்கள். அவள் முகம் கோணிப் போகும்.

வீட்டிலும் அப்படித்தான். பாலாடை மிதந்தால் காபியைத் தொட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை ஏழு தண்ணீர் விட்டு அலசுவாள். அதற்கப்புறம் அது கறியா கடற்பஞ்சா என்று தெரியாது என்பாள் தங்கை ஹில்டா. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்தான் என்றாலும் மாட்டுக்கறி அந்த வீட்டு வாசல்படி ஏறினதில்லை.

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அண்ணன் தேவானந்தம் பெண்டாட்டி, மகள் ஞானசௌந்தரியோடு படப்பையில் இருந்தார். அங்கே உரக்கடை வைத்திருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை வந்து போவார். ஹில்டா அக்காவைவிட ஆறு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். சபை கொடுத்த உதவித்தொகையில் அறுபத்தொன்றில் அமெரிக்கா போய் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தாள். வரும்போது ஒரு கம்பளிக் கோட்டும், செங்கல் மாதிரி நீளமான ஒரு தகர அச்சும் கொண்டு வந்தாள்.

அந்த அச்சு எதற்கு என்று அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் தெரிந்தது.

"மீட் லோஃப்னு பேருக்கா. கொத்துக்கறியை ரொட்டி, முட்டையெல்லாம் போட்டுப் பிசைஞ்சு கேக் மாதிரி வேக வைக்கிறது. மேலே வதக்கின வெங்காயமும் சீஸும். மாட்டுக்கறியிலே பண்ணினாத்தான் சரியா வரும்."

"என் அடுப்பு மேலே அது ஏறினா அதுக்கப்புறம் நான் அந்த அடுப்பிலே சமைக்க மாட்டேன்" என்றாள் சரோஜினி.

ஹில்டா சண்டை போடவில்லை. கொல்லையில் குமுட்டி அடுப்பை வைத்துச் சமைத்தாள். சரோஜினி கொல்லைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்தாள். அப்படியும் வாடை வந்தது. ஹில்டா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். பிறகு அச்சைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை.

அறுபத்தெட்டு ஆவணியில் ஹில்டாவுக்கு இருமல் பிடித்தது. வகுப்பில் ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சரோஜினி ஆபீஸ் விட்டதும் தினமும் போய் உட்கார்ந்திருப்பாள். ஸ்டாம்பை நக்குகிறவனைக் கண்டால் குமட்டுகிற சரோஜினி, தங்கையின் சளிக் குவளையைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டி, ஃபினாயில் விட்டுக் கழுவிக் கொண்டு வந்து வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையாம்மா?" என்று கேட்டாள். "என்ன பண்ணணும்?" என்றாள் சரோஜினி. அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

சளியில் கிருமி இல்லை என்று ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பை நிறைய மாத்திரை, வாரத்துக்கு இரண்டு ஊசி. மாத்திரைகள் சாப்பாட்டு ஆசையை அடியோடு தின்றுவிட்டன. ஹில்டா முப்பத்தாறு கிலோ இருந்தாள். கஞ்சியைக் கண்டால் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முட்டையை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள்.

டாக்டர் சரோஜினியிடம் கண்டிப்பாகப் பேசினார். "எடை ஏறலேன்னா மருந்து மட்டும் என்ன செய்யும்? கஞ்சியும் ரசமும் குடுத்து ஓட்டாதீங்க. அவங்க வாய் எதைக் கேக்குதோ அதைக் குடுங்க."

ஒரு வாரம் ஹில்டாவின் வாய் எதையும் கேட்கவில்லை. எட்டாவது நாள் காலையில், ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்தபடியே சொன்னாள்.

"கேட்டா நீ திட்டுவே."

"திட்டலை. சொல்லு."

"மீட் லோஃப்."

சரோஜினி திட்டவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து அச்சை இறக்கினாள்.

பல்லாவரத்தில் மாட்டுக்கறி நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் மின்சார ரயில் ஏறிப் போனாள். கடை வாசலில் கொக்கிகளில் தொங்கினதையும், அதன்மேல் மொய்த்ததையும், காலடியில் சாக்கடையோடு கலந்து ஓடினதையும் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டாள். முந்தானையை மூக்கில் வைத்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டே, "அரைக்கிலோ. நல்லாக் கொத்தி" என்றாள்.

"இன்னாம்மா, மூஞ்சிய அப்பால திருப்பிகினு கறி வாங்குறே? பாத்து வாங்கு. அப்பால எலும்பு கீது, ஜவ்வு கீதுன்னு என்னாண்ட பேஜாரு பண்ணாதே" என்றார் கடைக்காரர்.

அவள் திரும்பவில்லை. தூக்குப் பாத்திரத்தைப் பின்பக்கமாக நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் எதிர்வீட்டு சுந்தரராமன் ஏறினார். பாங்கு வேலை, பரம சாது. அவள் தூக்கை மடியில் வைக்கவும் மனசில்லாமல், கீழே வைக்கவும் பயந்து, கையை நீட்டி எட்டத்தில் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "சுடறதா? என்ன எடுத்துண்டு போறேள்?" என்று கேட்டார்.

"மருந்து சார்" என்றாள்.

ஹில்டா கட்டிலிலிருந்தே சொல்லச் சொல்ல, சரோஜினி செய்தாள். மூக்கின்மேல் ஒரு துணியைப் பின்பக்கமாக முடிந்துகொண்டாள். பாலில் ஊறின ரொட்டித் துண்டு, இரண்டு முட்டை, உப்பு, மிளகு. எல்லாம் கறிமேல் விழுந்தன. கரண்டியால் கலக்கிப் பார்த்தாள்.

"கையாலே பிசையணும்க்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கையை விட்டாள். ஜில்லென்று இருந்தது. முட்டை விரலிடுக்கில் வழிந்தது. கொழுப்பு நகக்கண்ணில் ஏறியது. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் சொதசொதவென்று ஒரு சத்தம், சேற்றில் மாடு நடக்கிற மாதிரி. அந்த உவமை ஏன் தோன்றியது என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இரண்டு தடவை வாசலுக்கு ஓடிப் போய் ஓங்கரித்துவிட்டு வந்தாள்.

வெங்காயம் இன்னொரு கொடுமை. பொன்னிறமானால் இறக்குவதுதான் அவளுக்குத் தெரியும். இதையோ சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வெண்ணெயில் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பட்டி நிறத்தில், அல்வா மாதிரிச் சுருண்டு, தித்திக்கிற வெங்காயம். தித்திக்கிற வெங்காயத்தை எந்த மனுஷன் கண்டுபிடித்தான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மவுண்ட் ரோடிலிருந்து வாங்கி வந்த சீஸ் டின்னைத் திறந்தபோதோ, குழந்தை கக்கின பால் துணியில் காய்ந்தால் வருமே, அந்த வாடை. பார்ப்பதற்கு மஞ்சள் சோப்பு.

டேக்சாவில் மணல் பரப்பி, அச்சை உள்ளே வைத்து, மூடிமேல் தணலை வாரிப் போட்டாள். கேக் சுடுகிற டேக்சா அது. இனிமேல் அதில் கேக் சுட முடியாது என்று மனசுக்குள் அதற்கு ஒரு முழுக்குப் போட்டாள்.

ஹில்டா ஒரு வாய் எடுத்தாள். மெதுவாக மென்றாள். தட்டைத் தள்ளினாள்.

"இது இல்லக்கா."

சரோஜினிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது. "எது இல்லை?"

"வறண்டு போச்சு. உதிருது. வெங்காயம் கசக்குது, தீ ஜாஸ்தி." அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுக்கா. பரவாயில்லை" என்றாள்.

"அங்கே அப்படி என்னத்தைக் கண்டே இதிலே?"

ஹில்டா தலையணையில் சாய்ந்துகொண்டாள். "போன முதல் குளிர்காலம், எனக்கு ஒரே ஜுரம். ஹாஸ்டல்லே கொடுக்கறதெல்லாம் ஆறிப்போயிருக்கும். ரூம்லே கூட இருந்த பொண்ணு அவங்க வீட்டுலேர்ந்து இதைத் துணியிலே சுத்திக் கொண்டு வந்தா. அந்த ஊருக்குப் போனதுலேர்ந்து சூடா நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அவ்வளவுதான்."

அன்றைக்கு ராத்திரி சரோஜினி வலது கையால் சாப்பிடவில்லை. சீயக்காய், புளி, சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் கையில் வாடை போகவில்லை. ஸ்பூனால் மோர்சாதம் தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பல்லாவரம் போனாள். இந்தத் தடவை கொஞ்சம் கடைப் பக்கம் திரும்பி நின்று, கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொன்னாள்.

பிசைந்துகொண்டிருக்கும்போது வாசல் கேட் சத்தம் கேட்டது. தேவானந்தம் வந்திருந்தார். தங்கை வீடு திரும்பி ஒன்றரை மாதத்தில் இதுதான் முதல் தடவை. வராந்தாவில் ஏறவில்லை. கேட் பக்கத்தில், குரோட்டன் செடிக்கு அருகே, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். சரோஜினி அவசரமாகக் கையைக் கழுவி, காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விட்ட வேலைக்கு வந்தாள். சமையலறை ஜன்னல் கேட்டைப் பார்த்தபடி இருந்தது. அவர் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தார். காபியை அப்படியே குரோட்டன் வேரில் கவிழ்த்தார். காலி டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையைத் தூக்கிப் போட்டார்.

சரோஜினி பிசைந்த கையோடு வெளியே வந்தாள்.

"காபி நல்லா இருந்துச்சா அண்ணா?"

"நல்லா இருந்துச்சு சரோ." குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். ஞானசௌந்தரிக்கு மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பேசிட்டிருக்காங்க. நல்ல இடம். அத்தைக்கு இந்த வியாதின்னு எப்படியோ காதுக்குப் போயிருக்கு."

"அதுக்கு?"

"கல்யாணம் முடியற வரைக்கும் ஹில்டா திரும்ப ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டுமே. இல்லேன்னா எங்கேயாவது தூரமா. நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வரணும்னு கட்டாயம் இல்லை. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

உள்ளே ஹில்டா இருமினாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

சரோஜினி தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா அண்ணா? மாட்டுக்கறி. இதைத் தொட்டா எனக்குக் குடலைப் புரட்டுது. ராத்திரி சாப்பாடு இறங்கறதில்லை. ஆனா உங்களைப் பாக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

"சரோ, நான் உங்க நல்லதுக்கு..."

"கேட்டை நீங்களே சாத்திட்டுப் போங்க. என் கை சுத்தமில்லை."

அவர் போன பிறகு, மூக்குத் துணியைக் கட்ட மறந்து, மாவு பிசைகிற வேகத்தில் பிசைந்தாள். வெங்காயத்தைச் சின்னத் தீயில் வைத்து, ஒன்றேகால் மணி நேரம் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சீஸில் பாதியைச் சீவி நடுவில் வைத்தாள், பாதியை மேலே. மணல் டேக்சாவை மூடி, தணலைக் குறைத்துப் போட்டாள்.

வெளியே எடுத்தபோது உதிரவில்லை. கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நடுவிலிருந்து சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அந்த நூலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டினாள்.

ஹில்டா ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று கேட்டாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை மூடி வை, சாயங்காலம் தின்னுக்கறேன்" என்றாள்.

"அண்ணா சொன்னது கேட்டுச்சா?" என்று கேட்டாள் சரோஜினி.

"கேட்டுச்சு. நீ சொன்னதும் கேட்டுச்சு." ஹில்டா வெங்காயத்தை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதைக்கூட அன்றைக்கு அக்கா கண்டிக்கவில்லை.

ஞானசௌந்தரியின் கல்யாணப் பத்திரிகை கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் தபாலில் வந்தது. சரோஜினியின் ஆபீஸ் வழியாகவே வந்தது. முத்திரையில் தேதியைப் பார்த்தாள். வேண்டுமென்றே தாமதமாகப் போட்டது என்று தெரிந்தது. ஹில்டா மணமக்களுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினாள். சரோஜினி கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். அண்ணனோடு பேச்சு அதோடு நின்றது.

பல்லாவரமும் மணல் டேக்சாவும் வாராவாரம் நடந்தன. முப்பத்தாறு கிலோ முப்பத்தெட்டானது, நாற்பத்தொன்றானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சரோஜினி மூக்கைக் கட்டினாள், ஓங்கரித்தாள், சீயக்காய் போட்டுக் கை தேய்த்தாள். பழகிவிடும் என்று ஹில்டா சொன்னாள். பழகவில்லை. ஒரே ஒரு தடவை, தங்கையின் பிடுங்கல் தாங்காமல், ஊசிமுனை அளவு எடுத்து நாக்கில் வைத்தாள். தான் பயந்த மாதிரியேதான் இருந்தது, ஒரு மாற்றும் இல்லை. மூன்று தடவை வாய் கொப்பளித்தாள்.

எழுபதாம் வருஷம் மே மாதம் கடைசி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜூனில் ஹில்டா வேலைக்குப் போகலாம் என்றார். நாற்பத்தாறரைக் கிலோ இருந்தாள். சரோஜினி நாற்காலியைவிட்டு எழவில்லை.

"டாக்டர், அப்போ அந்த மாட்டுக்கறி? இனிமே வேண்டியதில்லையே?"

"மருந்துக்குன்னா இனிமே வேண்டியதில்லை. அவங்களுக்குப் பிடிச்சிருந்தா சாப்பிடட்டும்" என்றார்.

சரோஜினி தங்கையைப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு" என்றாள் ஹில்டா.

"நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சரோஜினி ஆஸ்பத்திரிப் படியிறங்கினாள். அன்றைக்குச் சனிக்கிழமை, மணி பதினொன்று ஆகியிருந்தது. தங்கையை ரிக்‌ஷாவில் வீட்டுக்கு ஏற்றிவிட்டு, கறிக்கடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தாள்.