எட்டு நிமிட அருவி

தொழிற்சாலையில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்து, மற்றவர்கள் வருவதையும் போவதையும் குறித்துக் குறித்தே ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் வருடா வருடம் போகும் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும் பொறுப்பைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லேசுப்பட்ட திட்டமில்லை அது. இரண்டு வாரம் முன்பே தனி ஆளாகப் போய், கையில் கடிகாரத்தோடு எல்லா இடத்தையும் நடந்து அளந்துவிட்டு வருவார். அவர் ஏழு நிமிடத்தில் பார்த்த அருவியை முப்பத்தெட்டுப் பேரும் ஏழே நிமிடத்தில் பார்த்தாக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதில் அடக்கம். ‘கழிவறை: நான்கு நிமிடம்’ என்று அச்சடித்துக் கொடுத்த மகானுபாவர்!

போன வருடம் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். இந்த வருடம் திட்டம் போடும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. “இந்தத் தடவையும் எங்கள ஓட ஓட விரட்டினீங்கன்னா, பொறுப்ப மூணாவது மாடி பல் டாக்டர்கிட்ட குடுத்துருவோம்” என்று சங்கச் செயலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இதுவும் கைவிட்டுப் போனால் தன்னை யார் சீந்துவார்கள் என்ற பயம் மனிதரை அரித்தது. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு தீர்வு கண்டார். அருவிக்கு எட்டு நிமிடம்.

டிரைவரிடம் கறாராகச் சொல்லி வைத்தார். “மணி ஆனா வண்டிய எடுத்துரணும். யாருக்காகவும் நிக்கக் கூடாது. எனக்காக இருந்தாலும் சரி.”

“சரிங்க சார்” என்றார் டிரைவர். சொன்ன சொல் தவறாத ஆள்.

அருவியில் எட்டாவது நிமிடம் நெருங்கியபோது பல் டாக்டரைக் காணோம். நம்மவர் போனை இருக்கையில் போட்டுவிட்டு, ஆளைப் பிடித்து வரப் படியிறங்கி ஓடினார். டாக்டரோ வேறு வழியாக ஏறி வந்து சாவகாசமாக பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். மணி ஆனது. வண்டி கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில்தான் கணவர் உட்காருவார் என்பதால், பின்னால் இருந்த மனைவிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து பஸ் திரும்பி வந்தது. பாறைமேல் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னைத் தேடி வந்திருக்கிறார்களே!

“நான் இல்லாம ரொம்பத் தவிச்சுப் போயிட்டீங்களா?” என்று இறங்கி வந்த மனைவியிடம் கேட்டார்.

“எங்க தவிக்கிறது? ஒரே பாட்டும் கூத்தும்தான். இவ்வளவு நேரமா ஒருத்தரும் கையத் தட்டி அதட்டலையேன்னுதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.”

அவர் அவசரமாக அட்டவணையைப் பிரித்தார். “பரவால்ல, அடுத்த இடத்துல கொஞ்சம் குறைச்சுட்டா...”

“அத மடிச்சு வைங்க” என்றாள் மனைவி. “அடுத்த வருஷம் டாக்டர்தான்னு எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணியாச்சு. நீங்களும் வரலாமாம்.”