பாசல் கழுவின தண்ணீர்

நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் காலையில் பத்து நிமிடக் கூட்டம் நடக்கும். முந்தைய நாள் வைத்த தட்டுகளில் எத்தனை கிருமிப் புள்ளிகள் வளர்ந்தன என்று அவரவர் எழுந்து வாசிக்க வேண்டும். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். பகுதித் தலைவன் நான். அலுப்பான வேலை என்பதால், யாராவது பெரிய எண்ணாக வாசித்தால் ஒரு பகிடி விடுவேன். அது எல்லோருக்கும் உற்சாகம் தருகிறது என்றே நம்பியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பெண், ஒருநாள் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒன்றுக்கு இருநூற்றுப் பதினேழு என்று வாசித்தாள்.

"என்ன பிள்ளை, இது குழாய்த் தண்ணியோ, உம்மட சாப்பாட்டுப் பாசல் கழுவின தண்ணியோ?" என்றேன்.

ஒன்பது பேர் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி அவளும் சிரித்தாள். மறுபடி சோதித்தபோது நான்குதான் வந்தது. போத்தல் சரியாகக் கழுவப்படவில்லை. அதன் பிறகு இரண்டு கிழமை, மத்தியானத்தில் யாராவது அவள் மேசையில் தங்கள் சோற்றுப் பாசலை வைத்து, "இதையும் ஒருக்கால் சோதிச்சுத் தாருமன்" என்பார்கள். நானும் இரண்டு தடவை வைத்தேன்.

அடுத்த மாதம் ஜிந்துப்பிட்டியில் வீடுகள் நெருங்கிய ஓர் ஒழுங்கையின் பொதுக்குழாய் மாதிரி அவளிடம் வந்தது. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அப்படி வந்தால் அன்றே சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவள் கூட்டத்தில் அதை வாசிக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் திரும்பச் சோதனை வைத்தாள். இரண்டாவது தட்டிலும் அதே நிலை. அதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது. அந்த ஒழுங்கையில் ஆறு பேருக்கு வயிற்றோட்டம். ஒரு கைக்குழந்தைக்குச் சேலைன் ஏற்றியிருந்தார்கள். குழந்தை பிழைத்தது.

"ஏன் பிள்ளை உடனே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நிச்சயமாத் தெரியாமல் வாசிச்சால் திரும்பவும் சிரிப்பீங்கள் எண்டு பயந்தனான், சேர்."

கூடத்தின் பணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். "என்ர பிழைதான், சேர்" என்றாள். நான் பேசியிருக்கலாம். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. நான்கு மாதத்தில் அவள் விலகிப் போனாள். தாமதம் பற்றிய அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டது நான். அதன் பிரதி, நான் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பதினெட்டு வரி. என் பகிடி பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துக்கு மேலே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.