ஒன்றரை லட்சம் செங்கல்லும் ஒரு கமாவும்

பெரிய எண்ணில் கமா போடுவது கண்ணுக்குச் சுலபமாக இருக்கத்தான் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பாதி உண்மை. கமா வாய்க்கும் சேர்த்துத்தான். எண்ணைச் சொல்லும்போது வாய் எங்கே நின்று மூச்சு வாங்குகிறதோ, அங்கேதான் கமா விழுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு இது புரிந்தது.

அப்போது காஜா பேராங்கில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்பு செட்டியார் வட்டிக்கடையான கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கிட்டங்கி மூடியதும், தெங்கேரா கடலோரத்தில் ஜப்பான்காரன் வைத்திருந்த செங்கல் கிடங்கில் இருப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டீச்சர்களெல்லாம் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, படித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்ததால், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜப்பான் எண்களை உருப்போட்டேன். எரிச்சலோடுதான் படித்தேன்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு சிட்டி அக்கா சரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் புருஷன் அந்தக் கிடங்கில் வண்டி ஓட்டுகிறவர். "அடெக்! லாக்கி லு கெனா தாங்காப்!" என்றாள் மலாயில். உன் புருஷனைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். செங்கல் திருடினாராம், நாளைக் காலை லாரியில் சயாமுக்கு அனுப்பப்போகிறார்களாம். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கிடங்கு வாசலில், கொளுத்தும் வெயிலில், துப்பாக்கி பிடித்த ஒரு சோல்ஜர் காவலில் அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. ஒரு ஜப்பான் அதிகாரி கையில் காகிதத்தோடு கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆபீஸ் குமாஸ்தாவாகப் புதிதாக வந்த கிராணி, இங்கிலீஷ் படித்த இளம் பிள்ளை, வெலவெலத்து நின்றார். காகிதத்தில் 1,500,000 என்று இருந்தது. பின்னால் அடுக்கியிருந்த செங்கல்லோ அதில் பத்தில் ஒரு பங்கு.

சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கிட்டங்கிப் பழக்கத்தில் இருப்பை 1,50,000 என்று எழுதியிருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு கமாவுக்கு நடுவில் இரண்டே எண் இருக்கிறதே, மழைச்சாரலில் ஒரு பூஜ்யம் அழிந்துபோயிருக்கும் என்று நினைத்து, அந்தக் கிராணி நல்ல எண்ணத்தில் காகிதத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்துவிட்டிருக்கிறார். ஒன்றரை லட்சம் பதினைந்து லட்சம் ஆகிவிட்டது.

"பதினஞ்சு லட்சம் செங்கல்லை இந்த இடத்துல எங்க அடுக்குறது? கடல்லயா?" என்று தமிழிலேயே வாய்விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு உயிரே போய்விட்டது. "வாய மூடு தாயி, உன்னையும் சேத்து ஏத்திடுவானுங்க!" என்றார் முணுமுணுத்து.

மூடவில்லை. குனிந்து வணங்கி, உடைந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்து, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். கமாவே இல்லாமல் 150000 என்று எழுதினேன். ஜப்பான்காரனுக்கு லட்சமும் கிடையாது, நூறாயிரமும் கிடையாது. பத்தாயிரம்தான் அவனுக்கு ஒரு கட்டு, அதற்குப் பெயர் 'மான்'. அதனால் கடைசி நான்கு பூஜ்யங்களுக்கு முன்னால் ஒரு கமா வைத்தேன்: 15,0000. "ஜூகோ மான்," பதினைந்து மான், என்றேன். அப்புறம் பலகையைக் காட்டி, இது இந்தியா கமா, காகிதத்தில் இருப்பது இங்கிலீஷ் கமா என்று அரைகுறை நிப்பொங்கோவில் சொன்னேன்.

அவன் தரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, பூஜ்யத்தைச் சேர்த்தது யார் என்று கேட்டான். கிராணியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒரு விரல் நீட்டியிருந்தால் போதும், என் புருஷன் இடத்தில் அந்தப் பிள்ளை லாரி ஏறியிருக்கும்.

"யாரும் திருடவில்லை. இரண்டு பேரும் அவரவர் படித்தபடிதான் எழுதினார்கள். வேண்டுமானால் செங்கல்லை எண்ணிப் பாருங்கள்," என்றேன்.

எண்ணினார்கள். ஒரு அடுக்கை எண்ணி, அடுக்குகளால் பெருக்கிப் பார்த்தார்கள். ஜூகோ மான் சரியாக வந்தது. அதிகாரி காகிதத்தைக் கிழித்துப் போட்டு, போகலாம் என்று கையை ஆட்டினான்.

தெங்கேரா சாலை வழியே நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுக்கு நடந்தோம். மசூதியைத் தாண்டியதும், "அந்த சோல்ஜர் கையில துப்பாக்கி இருந்துச்சே, உனக்குப் பயமே இல்லையா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுரோட்டில் அழுதுகொண்டே சொன்னேன்: "பயம் இல்லாம என்ன? அதுக்காக எம் புருஷன ஒரு கமாவுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?"